எம்10 போல்ட்டுக்கு 10 எம்.எம். சாக்கெட் ஏன் சேருவதில்லை? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் பைக்கில் இருப்பது எம்10 போல்ட் என்று கையேடு சொல்கிறது. 10 எம்.எம். சாக்கெட் தலையில் உட்காரவே இல்லை. தவறு எங்கே?

எம்10 என்பதில் உள்ள 10, மரை வெட்டிய தண்டின் விட்டம். போல்ட்டின் தலையைக் கவ்வித் திருப்பும் கருவியான சாக்கெட்டில் பொறித்திருக்கும் எண்ணோ, போல்ட்டின் அறுகோணத் தலையில் எதிரெதிரே உள்ள இரண்டு பட்டைகளுக்கு இடையிலான தூரம். பொதுவாக எம்6 போல்ட்டுக்கு 10, எம்8 போல்ட்டுக்கு 13 என்று சாக்கெட் எடுக்கலாம். எம்10 மட்டும் பலரையும் குழப்புகிறது: பழைய ஜெர்மானியத் தர அளவில் அதன் தலை 17, ஐ.எஸ்.ஓ. என்னும் சர்வதேசத் தர அளவில் 16, ஜப்பானிய வடிவமைப்பில் வந்த வண்டிகளில் பெரும்பாலும் 14. அதே வண்டிகளில் எம்8 போல்ட்டின் தலை 12 ஆக இருப்பதையும் அடிக்கடி காணலாம். ஆகவே மரையின் அளவை வைத்துச் சாக்கெட்டை ஊகிக்காமல், தலையை அளந்து பார்த்து எடுங்கள்.

கேள்வி: வெர்னியர் அளவுகோலில் அளந்தேன், 12.7 என்று காட்டுகிறது. இது 13-ஆ, அரை அங்குலமா?

மிக நல்ல கேள்வி. சாக்கெட் தாராளமாக நுழைய வேண்டும் என்பதற்காகப் போல்ட்டின் தலையைச் சற்றுக் குறைத்தே செய்வார்கள், 13 எம்.எம். தலை 12.73 வரை குறைந்திருக்கலாம் என்று தர விதியே இடம் தருகிறது. அரை அங்குலம் என்பது சரியாக 12.7 எம்.எம். என்பதால், இந்த இடத்தில் வெர்னியரை மட்டும் நம்ப முடியாது. தலையின் மேற்புறத்தைத் துடைத்துப் பாருங்கள். 8.8 அல்லது 10.9 என்று எண் பொறித்திருந்தால் அது மெட்ரிக் போல்ட். நடுவிலிருந்து ஓரம் நோக்கி மூன்று அல்லது ஆறு கோடுகள் மட்டும் இருந்தால் அமெரிக்க அங்குல போல்ட்.

கேள்வி: அங்குல நட்டுக்கு மெட்ரிக் சாக்கெட் போட்டால் என்ன கெட்டுவிடும்?

முக்கால் அங்குலம் 19.05 எம்.எம். என்பதால் 19 சாக்கெட் அதில் ஒழுங்காகவே உட்காரும். அரை அங்குலத்தில் 13 போட்டால் 0.3 எம்.எம். இடைவெளி விழுகிறது. தொழில் பழகிய காலத்தில் நானே அப்படிப் போட்டு இழுத்திருக்கிறேன். சாக்கெட் வழுக்கிய பிறகு பார்த்தால், நட்டின் ஆறு முனைகளிலும் வெள்ளி போல ஒரு பளபளப்பு. அந்தப் பளபளப்பு தெரிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். இன்னொரு முறை இழுத்தால் முனை முழுவதும் மழுங்கிப் போகும்.

கேள்வி: அப்பாவின் பழைய புல்லட்டில் 13 நுழையவில்லை, 14 ஆடுகிறது. என்ன செய்வது?

சென்னையில் உருவான பழைய புல்லட்டுகள் பிரிட்டிஷ் வடிவமைப்பைப் பின்பற்றியவை. அவற்றில் விட்வொர்த் எனும் பழைய பிரிட்டிஷ் அங்குல முறையின் அளவுகள் பல இடங்களில் இருக்கும். இந்த முறையில் ஸ்பேனரின் மேலுள்ள எண், தலையின் அகலத்தைக் குறிக்காமல் போல்ட்டின் விட்டத்தைக் குறிக்கிறது. கால் அங்குல விட்வொர்த் ஸ்பேனரின் வாய் 0.525 அங்குலம், அதாவது ஏறத்தாழ 13.3 எம்.எம்.; உங்கள் வண்டியில் இரண்டும் சேராததற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும். '1/4 டபிள்யூ' (விட்வொர்த்) என்றும் '5/16 பி.எஸ்.' (பிரிட்டிஷ் தரம்) என்றும், ஒரே வாய் அளவுக்கான இரண்டு பெயர்களையும் சேர்த்துப் பொறித்த சாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். 14 சாக்கெட்டுக்குள் தகரத் துண்டைச் செருகித் திருகும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அந்த வண்டியின் அசல் நட்டுகளைத் தேடிப் பிடிப்பது எளிதல்ல.

கேள்வி: சாக்கெட்டில் ஆறு முனை, பன்னிரண்டு முனை, எது வாங்கலாம்?

ஆறு முனை. கைப்பிடியை வீச இடமில்லாத குறுகலான இடங்களுக்கு மட்டும் பன்னிரண்டு முனை உதவும்.

கேள்வி: சைலன்சர் போல்ட் துருப்பிடித்திருக்கிறது. எந்தச் சாக்கெட்டும் இறுகப் பிடிக்கவில்லை.

துரு உதிர உதிரத் தலையின் அகலமும் குறைகிறது; 12 ஆக இருந்தது 11.5 ஆகியிருக்கும். முதலில் கம்பி பிரஷால் நன்றாகத் தேய்த்து, துரு நீக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். பிறகு ஆறு முனையுள்ள 11 சாக்கெட்டையோ, 11.1 எம்.எம். வரும் 7/16 அங்குல சாக்கெட்டையோ தலையின் மேல் வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி இறக்கி, ஒரே சீராக அழுத்தம் கொடுத்துத் திருப்புங்கள். கழற்றிய போல்ட்டை மீண்டும் பூட்டாதீர்கள்; புதிய போல்ட்டின் மரையில் காப்பர் கிரீஸ் தடவிப் பூட்டினால், அடுத்த முறை 12 சாக்கெட்டே போதும்.