மத்தியானமே தீர்ந்துபோகும் போன்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சம்பளம் 32,000. என் போன் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. மத்தியானத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது, வேகமும் இல்லை. இ.எம்.ஐ.யில் 80,000 ரூபாய் போன் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். வாட்ஸ்அப், யூடியூப், ஜிபே, குழந்தையைப் படம் எடுப்பது, இவ்வளவுதான் என் உபயோகம். கேமரா, பிராசசர் எல்லாம் அருமை என்கிறார்கள். ஆபீசில் பலரும் வைத்திருக்கிறார்கள். அந்த விலைக்குத் தகுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கேமரா நன்றாகத்தான் இருக்கும். அந்தப் பிராசசருக்கு உங்களிடம் வேலையே இல்லை. ஆபீஸ்காரர்களை விடுங்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது மத்தியானத்துக்குள் சார்ஜ் இறங்குகிறது என்ற வரிதான். தம்பி, உங்கள் போனுக்கு ஒன்றும் ஆகவில்லை, பேட்டரி தேய்ந்துவிட்டது. சில ஆயிரத்தில் தீரவேண்டிய விஷயத்துக்கு இரண்டரை மாதச் சம்பளத்தைக் கொடுக்கப் பார்க்கிறீர்களே! கணக்குப் பிரிவில் இருப்பவர் செய்கிற காரியமா இது?

அப்பாவிடம் ஒரு நோக்கியா 1100 இருந்தது. சார்ஜ் நிற்கவில்லை என்றால் பின்மூடியைக் கட்டைவிரலால் தள்ளிக் கழற்றி, பேட்டரியை மேசைமேல் வைத்துப் பம்பரம்போல் சுண்டிவிடுவார். உடனே நின்றால் நல்ல பேட்டரி. நிற்காமல் சுற்றினால் வயிறு உப்பிவிட்டது. சாயங்காலமே கடைத்தெருவில் புதுசு வாங்கிப் போட்டுக்கொள்வார். போனையே மாற்றும் எண்ணம் அவருக்கு வந்ததில்லை.

இப்போது அந்த மூடி இல்லை. முதுகை ஒட்டிவிடுகிறார்கள். கடைக்காரர் சூடு காட்டி, மெல்லிய தகட்டைச் செருகிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தால்தான் பேட்டரி கண்ணில் படும். கண்ணில் படாததால் நமக்கு அதன் நினைப்பே வருவதில்லை. ஆனால் லித்தியம் அயன் பேட்டரி தேய்ந்தே தீரும். ஐபோன் 14 வரை, 500 முறை முழுதாக ஏற்றி இறக்கிய பிறகு 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும்படி வடிவமைத்ததாக ஆப்பிளே சொல்கிறது. 15இலிருந்து அது 1,000 முறை. லட்ச ரூபாய் போனுக்கும் இதே கதிதான்.

வேகம் குறைந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். பேட்டரி தேய்ந்த ஐபோன்கள் திடீரென்று அணைந்துபோகாமலிருக்க அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. எதிர்ப்பு கிளம்பியதும் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 ஆக்கியது. அதற்குள் எத்தனை பேர், போனுக்கு வயதாகிவிட்டது என்று நம்பிப் புதுசு வாங்கியிருப்பார்கள்! அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2027 பிப்ரவரியிலிருந்து, பயன்படுத்துபவரே பேட்டரியைக் கழற்றி மாற்றும்படி சாதனங்கள் இருக்கவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டிருக்கிறது. சில விலக்குகளும் உண்டு, இருந்தாலும் சட்டம் சட்டம்தான். நாமும் கேட்டு வாங்கவேண்டியது இது.

சரி, தகுமா என்று கேட்டீர்கள். ஏழு வருடம் வைத்துக்கொள்பவருக்குத் தகலாம். கூகுளின் பிக்சல் 8, சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 போன்கள் முதல் அத்தனை வருட அப்டேட் தருவதாக அந்தக் கம்பெனிகள் சொல்லியிருக்கின்றன. நடுவில் ஒருமுறையாவது பேட்டரி மாற்றத்தான் வேண்டியிருக்கும். மூன்றாம் வருடமே சலித்துக்கொள்கிற உங்களுக்குத் தகாது.

இந்தச் சனிக்கிழமை கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய்விட்டு வாருங்கள். கிளம்பும் முன் குழந்தையின் படங்களையெல்லாம் பேக்கப் எடுத்துவிடுங்கள். அசல் பேட்டரிதானா என்று கேளுங்கள், பில் வாங்காமல் வராதீர்கள்.