பட்டா அண்ணன் பெயரில் இருந்தால் போதுமா?

கேள்வி: எங்கள் ஊரில் 2 ஏக்கர் புஞ்சை விலைக்கு வருகிறது. விற்பவர்கள் இந்துக் குடும்பம். தந்தை 1984-ல் கிரையம் வாங்கி, 2011-ல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். தாயார் இருக்கிறார். மூத்த மகன் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றி வைத்துள்ளார். தம்பியும் கையெழுத்துப் போடுவாராம். "அக்காவுக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சு, பங்கு கிடையாது" என்கிறார். அசல் பத்திரம் தொலைந்ததாகச் சொல்லி நகல் தருகிறார். 13 வருட வில்லங்கத்தில் எதுவும் இல்லை. முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள்.

பட்டா வருவாய்த் துறை ஆவணம். அதனால் மட்டும் நிலம் ஒருவருக்குச் சொந்தமாகிவிடாது. தந்தை சுயமாக வாங்கிய சொத்து என்பதால் தாயார், இரண்டு மகன்கள், மகள் ஆகிய நால்வருக்கும் தலா கால் பங்கு. மகன்கள் மட்டும் எழுதிக் கொடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது பாதிதான். மீதிக்கு அக்காவோ தாயாரோ பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். திருமணத்தில் போட்ட நகை நிலப் பங்குக்கு ஈடாகாது. அக்கா தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைப் பதிவு செய்து கொடுத்திருக்க வேண்டும். இல்லையேல் உங்கள் கிரையத்திலேயே எழுதிக் கொடுப்பவர்களில் ஒருவராகச் சேர வேண்டும். சாட்சிக் கையெழுத்து போதாது.

இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வாங்குங்கள். கூடவே, 2011-ல் தந்தையின் தாயார் உயிரோடு இருந்தாரா என்று விசாரியுங்கள். பலரும் கேட்க மறக்கும் கேள்வி இது. இருந்திருந்தால் அவருக்கும் சமபங்கு உண்டு. அவர் பிறகு உயில் இல்லாமல் இறந்திருந்தால் அந்தப் பங்கில் சித்தப்பா, அத்தைகளும் உரிமை கேட்கலாம்.

13 வருட வில்லங்கம் போதாது. 1984 கிரையத்துக்குச் சில ஆண்டுகள் முன்பிருந்து போட்டுப் பாருங்கள். இணையத்தில் வராத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு செய்ய வேண்டும். இங்கே புல எண்ணில்தான் சிக்கல் வரும். இன்றைய பட்டாவில் 112/3பி என்று இருந்தால், அந்த எண்ணுக்கு மட்டும் போட்ட வில்லங்கத்தில் உட்பிரிவுக்கு முந்தைய அடமானம் வராமல் போகலாம். 112/3, 112 இரண்டுக்கும் போடுங்கள். 1980-களின் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பல கிராமங்களில் எண்களே மாறின. பழைய எண்ணை, கிராம நிலங்களின் விவரம் உள்ள அ-பதிவேட்டில் பார்க்கலாம். நிலம் அரசு புறம்போக்கா, பஞ்சமி நிலமா (பட்டியல் சாதியினருக்கு அரசு ஒதுக்கியது) என்பதையும் அதே பதிவேட்டைக் கொண்டு சரிபாருங்கள்.

அசல் பத்திரம் தொலைந்தது என்பதை வாய்ச் சொல்லாக ஏற்காதீர்கள். அதை வைத்துத் தனியாரிடம் கடன் வாங்கியிருந்து, பதிவு செய்யாமல் விட்டிருந்தால் வில்லங்கத்தில் தெரியாது. காவல்துறையின் 'கண்டுபிடிக்க இயலவில்லை' சான்று, நாளிதழ் அறிவிப்பு, பதிவு அலுவலகத்தின் சான்றிட்ட நகல் மூன்றும் வேண்டும். வெறும் ஜெராக்ஸ் வேண்டாம்.

பரப்பையும் ஒப்பிடுங்கள். 2 ஏக்கர் என்றால் பட்டாவில் ஏறக்குறைய 81 ஏர்ஸ் (ஒரு ஏர்ஸ் 100 சதுர மீட்டர்) இருக்க வேண்டும். 76 என்று இருந்தால் 12 சென்ட் குறைகிறது. நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தை வைத்துச் சர்வேயரை அளக்கச் சொல்லி, பிறகு விலை பேசுங்கள். வண்டிப் பாதை அடுத்தவர் நிலத்தில் போனால், அந்த உரிமை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இவை சரியான பின் கிரைய ஒப்பந்தத்தை நால்வரும் கையெழுத்திட்டுப் பதிவு செய்யுங்கள். முன்பணத்தை வங்கி வழியே கொடுங்கள். நிலத்துக்காக 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. அக்கா வெளிநாட்டில் இருந்து பவர் அனுப்புவதானால், அங்குள்ள இந்தியத் தூதரகச் சான்றுடன் வரட்டும். இங்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். கிரையம் பதியும் நாளில் அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதையும் உறுதிசெய்யுங்கள்; அவர் இறந்திருந்தால் அந்தப் பவர் செல்லாது.