அதிகாரியின் சத்தியமும் ஆபீஸ் பதிவேடும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மேட்டூர் திறக்கும் மாதத்தில் மதகுச் சண்டை பற்றிக் கேட்பார்கள். அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலைய எடை பற்றிக் கேட்பார்கள். இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெரிய அதிகாரிகளைப் பற்றியவை. அவர்களிடம் சத்தியப் பிரமாணம் வாங்கிக்கொண்டு விசாரிக்க வேண்டும் என்று ஒரு கட்சி கேட்கிறது, தேவையே இல்லை என்கிறது இன்னொன்று. ஆட்சி மாறினால் இரண்டு கட்சிகளும் வசனத்தை மாற்றிக்கொள்கின்றன. முப்பது ஆண்டுகளாகத் தஞ்சைப் பகுதி நீதிமன்றங்களில் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தே சோறு தின்பவன் என்ற முறையில் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

சத்தியம் வாங்கலாமா வேண்டாமா என்பதற்கே அமெரிக்காவில் ஓட்டெடுப்பு நடந்தது என்று அங்கே வேலை பார்க்கும் என் மகன் சொல்கிறான். நம்பலாமா? (மன்னார்குடி வாசகர்)

நம்பலாம். 2006 பிப்ரவரி 6 அன்று நடந்தது. என்.எஸ்.ஏ. என்ற உளவு அமைப்பு வாரண்ட் இல்லாமல் தொலைபேசியை ஒட்டுக் கேட்ட விவகாரம். பதில் சொல்ல வந்தவர் அட்டர்னி ஜெனரல் அல்பெர்ட்டோ கோன்சாலெஸ். அந்தப் பதவியை நம்மூர்க் கணக்கில் சொன்னால் சட்ட அமைச்சரும் அரசின் தலைமை வழக்கறிஞரும் ஒரே ஆளாக இருப்பது போல. செனட்டின் நீதித்துறைக் குழுவில் இருந்த ஜனநாயகக் கட்சியினர் பிரமாணம் வேண்டும் என்றார்கள். தலைவர் ஆர்லன் ஸ்பெக்டர் குடியரசுக் கட்சிக்காரர். அவர் தேவையில்லை என்றார். ஓட்டுக்கு விட்டார்கள். குடியரசுக் கட்சியின் 10 பேர் வேண்டாம் என்றும், ஜனநாயகக் கட்சியின் 8 பேர் வேண்டும் என்றும் கட்சி பிசகாமல் பிரிந்தார்கள். இத்தனைக்கும் கோன்சாலெஸ் தனக்கு ஆட்சேபணை இல்லை, எப்படிக் கேட்டாலும் பதில் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், பிரமாணம் எடுக்காமல் அவர்கள் நாடாளுமன்றத்தில் தெரிந்தே பொய் சொன்னாலும் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. பிரமாணம் எடுத்துப் பொய் சொன்னாலும் அதே ஐந்தாண்டுதான். பிறகு ஏன் சண்டை? படத்துக்காக. வலது கையை உயர்த்தி நிற்கும் அமைச்சரின் படம் மறுநாள் பத்திரிகையில் வந்தால், பார்ப்பவர் கண்ணுக்குக் குற்றவாளி போலத் தெரியும். ஒரு கட்சிக்கு அந்தப் படம் வேண்டியிருந்தது. மற்றதற்கு அது வந்துவிடக் கூடாது.

மறு ஆண்டு ஏப்ரலில், அரசு வழக்கறிஞர்களைப் பதவி நீக்கம் செய்த விவகாரத்தில், அதே மனிதர் அதே குழுவின் முன் பிரமாணம் எடுத்துச் சாட்சி சொன்னார். அன்று அவர் எத்தனை முறை 'நினைவில்லை' என்றார் என்பதைப் பத்திரிகைகள் எண்ணிப் போட்டன. ஆகஸ்டில் பதவி விலகலை அறிவித்தார். அவரை நெருக்கியவை குழுவின் கைக்கு வந்திருந்த அவருடைய துறையின் மின்னஞ்சல்கள்தான்.

நம் நாட்டில் விசாரணை ஆணையம் கூப்பிட்டால் அதிகாரியோ அமைச்சரோ சத்தியம் செய்ய மறுக்க முடியுமா? (கும்பகோணம் வாசகர்)

1952-ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, சம்மன் அனுப்பவும் பிரமாணத்தின் மீது விசாரிக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரத்தை ஆணையத்துக்கும் தருகிறது. ஆகவே சாதாரணமாக மறுக்க முடியாது. ஆனால் ஒருவர் மறுத்தார். 1978 ஜனவரியில், நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா ஆணையத்தின் முன் வந்த இந்திரா காந்தி பிரமாணம் எடுக்க மாட்டேன் என்றார். அமைச்சராக ரகசியக் காப்புப் பிரமாணம் எடுத்தவள் நான் என்பதும் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. வாயைத் திறக்க மாட்டேன் என்று செய்த சத்தியத்தைக் காட்டி, உண்மை சொல்வேன் என்ற சத்தியத்தைத் தட்டிக் கழித்தார். வாதம் என்று பார்த்தால் கெட்டிக்காரத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். அவர் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. 1979-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த நடவடிக்கை செல்லாது என்றது.

பலருக்குத் தெரியாத இன்னொன்று 6-ஆவது பிரிவு. ஆணையத்தின் முன் சொன்ன வாக்குமூலத்தை வைத்து அதே ஆள் மீது வேறு வழக்கில் குற்றம் நிரூபிக்க முடியாது. பொய்ச் சாட்சி வழக்கு ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு. 'ஆணையத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார், இனி சிறைதான்' என்று தொலைக்காட்சி விவாதத்தில் யாராவது மேஜையைத் தட்டினால், இந்தப் பிரிவை நினைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போய்விடுங்கள்.

வார்த்தையால் செய்யும் சத்தியத்தை யார் மதிக்கிறார்கள்? அதிகாரியைக் கோயிலில் நிறுத்திக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னால் என்ன? (திருத்துறைப்பூண்டி வாசகர்)

சிரிக்காமல் பதில் சொல்கிறேன், ஏனென்றால் சட்டத்திலேயே அதற்கு இடம் இருந்தது. 1873-ஆம் ஆண்டுப் பிரமாணச் சட்டப்படி, எதிர்த்தரப்பு இன்ன முறையில் சத்தியம் செய்தால் அதற்குக் கட்டுப்படுகிறேன் என்று வழக்காடுபவர் முன்வரலாம். எதிராளி சம்மதித்தால் நீதிமன்றம் அதற்கென ஓர் ஆளை நியமித்துச் சத்தியம் வாங்கி வரச் செய்யும். அப்படிச் சொன்ன வார்த்தை, சவால் விட்டவரைக் கட்டுப்படுத்தும் முடிந்த முடிவு. மேல் பேச்சே கிடையாது. 1969-இல் வந்த புதிய பிரமாணச் சட்டம் இந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. நல்லதுதான் என்பேன். சாமிக்குப் பயந்தவன் தோற்பான், பயமில்லாதவன் கற்பூரத்தை ஊதிவிட்டு நிலத்தை எழுதிக்கொண்டு போவான். தவிர, அந்த முறையில் குறுக்குக் கேள்வி கேட்க வழியே இல்லை.

கடவுள் நம்பிக்கை இல்லாத அதிகாரி சாட்சி சொன்னால் செல்லுமா? (மயிலாடுதுறை வாசகர்)

செல்லும். கடவுள் பெயரால் ஆணையிடலாம், உளமார உறுதியும் கூறலாம். அமைச்சர்கள் பதவியேற்கும்போது இரண்டையும் கேட்டுப் பழகிய நமக்கு இதில் சந்தேகம் வரக் கூடாது. இரண்டுக்கும் சட்டத்தில் ஒரே எடை.

கூண்டில் ஏறியதும் எல்லா அதிகாரிகளுக்கும் ஞாபக மறதி வந்துவிடுகிறது. 'நினைவில்லை' என்பது பொய்ச் சாட்சி ஆகாதா? (பாபநாசம் வாசகர்)

நினைவு இருந்தும் இல்லை என்றார் என்று நிரூபித்தால் ஆகும். ஒருவர் மண்டைக்குள் இருப்பதை எப்படி நிரூபிப்பது? பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 229-ஆவது பிரிவில் நீதிமன்றப் பொய்ச் சாட்சிக்கு ஏழாண்டு வரை சிறை எழுதியிருக்கிறது. என் அனுபவத்தில் அந்தப் பிரிவு புத்தகத்தை விட்டு வெளியே வருவது அபூர்வம். அதனால் நான் நினைவைத் துரத்துவதில்லை, பதிவேட்டைத் துரத்துவேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வழக்கு. கடைமடையில் சம்பாப் பயிர் காய்ந்துபோன விவசாயிகளுக்காக ஆஜரானேன். பாசன அலுவலகம் ஒன்றின் பொறியாளர் கூண்டில் ஏறினார். டவாலி சொல்லிக் கொடுத்த பிரமாணத்தைத் தடுமாறாமல் சொன்னார், நல்ல கணீர்க் குரல். நவம்பர் முழுவதும் மதகு திறந்திருந்தது என்றார். மதகு அளவுப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். காலை ஆறு மணி அளவு, மாலை ஆறு மணி அளவு, ஒரு நாள்கூட விடுபடவில்லை. மழை கொட்டிய நாளிலும் அதே நீல மை, அதே சாய்ந்த கையெழுத்து. அதையெல்லாம் நான் கேட்கவில்லை. முதல் பக்கத்தைத் திருப்பி அவர் முன் வைத்தேன். பண்டகசாலையிலிருந்து அந்த வெற்றுப் பதிவேடு வழங்கப்பட்ட தேதி முத்திரையாக இருந்தது: டிசம்பர் 14.

அவர் என்னைப் பார்க்கவில்லை, முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நீதிபதி பதிவேட்டை வாங்கி ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பழைய பதிவேடு மழையில் நனைந்துவிட்டது, அதைப் பார்த்துப் புதியதில் எழுதினோம் என்றார் பொறியாளர். நனைந்தது எங்கே என்றேன். பதில் இல்லை. அவர் சொன்னது உண்மையாகவே இருந்திருக்கலாம் என்ற உறுத்தல் எனக்கு இன்றும் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கத்து மதகடிக் கொட்டகைகளில் நனையாத காகிதம் ஏது? ஆனால் அப்படியென்றால் முதல் விசாரணையிலேயே அதைச் சொல்லியிருக்க வேண்டும். பிரமாணம் அவரைச் சொல்ல வைக்கவில்லை, ஒரு ரப்பர் முத்திரை சொல்ல வைத்தது.

ஆகவே அடுத்த முறை 'அதிகாரி சத்தியம் செய்யத் தயாரா?' என்று உங்கள் கட்சிக்காரர் மேடையில் கேட்டால், கோப்பைக் கேட்டீர்களா என்று அவரைக் கேளுங்கள். பெரும்பாலும் கேட்டிருக்க மாட்டார். கோப்பு வந்தால் தங்கள் ஆட்சிக்காலத்துக் குறிப்பும் அதில் இருக்குமே என்ற கவலை எல்லாக் கட்சிக்கும் உண்டு.

கலெக்டரையும் செயலாளரையும் நீதிமன்றம் நேரில் வரச் சொல்வதை உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டதாமே? (நாகப்பட்டினம் வாசகர்)

தடுக்கவில்லை, ஒழுங்கு செய்தது. 2024 ஜனவரி 3 தீர்ப்பு, அதிகாரிகளை எடுத்ததற்கெல்லாம் வரவழைக்கக் கூடாது, தேவைப்பட்டால் முதலில் காணொலியில் அழையுங்கள், வாதம் முடியும்வரை நிற்க வைக்காதீர்கள், உடையைப் பற்றிப் பேசாதீர்கள் என்று நடைமுறை வகுத்தது. சாட்சியமே தேவைப்படும் வழக்குகளில் நேரில் வரத்தான் வேண்டும்.

நம் காவிரிக்காகவே ஒரு செயலாளர் வர நேர்ந்ததே, மறந்துவிட்டீர்களா? 2018 பிப்ரவரி 16 தீர்ப்பு செயல்திட்டத்துக்கு ஆறு வாரம் கொடுத்தது. பிரதமரும் அமைச்சர்களும் கர்நாடகத் தேர்தல் பிரசாரத்தில் இருப்பதால் ஒப்புதல் பெற முடியவில்லை என்று மே மாதத்தில் மத்திய அரசு சொன்னது. மத்திய நீர்வளத் துறைச் செயலாளரே வரைவோடு வர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. மே 14 அன்று வரைவு வந்தது. யாரும் அவரிடம் சத்தியம் வாங்கவில்லை, கையில் காகிதம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள்.

இத்தனை ஆணையம் போட்டும் யாருக்கும் தண்டனை இல்லையே? (திருவாரூர் வாசகர்)

ஆணையம் தண்டிக்காது. உண்மை எது என்று அதற்குத் தோன்றியதை எழுதி அரசிடம் கொடுக்கும், அவ்வளவுதான். அது கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் அரசு அந்த அறிக்கையையும் எடுத்த நடவடிக்கைக் குறிப்பையும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். ஜெயலலிதாவின் மரணத்தை விசாரித்த ஆறுமுகசாமி ஆணையத்துக்கு 2017-இல் கொடுத்த அவகாசம் மூன்று மாதம், அறிக்கை வந்தது 2022 ஆகஸ்டில். தி.மு.க.வை அடிக்க ஒரு பையில், அதன் பழைய ஆட்சி மீதான ஊழல் புகார்களை விசாரித்த சர்க்காரியா ஆணையத்தின் அறிக்கை, அ.தி.மு.க.வை அடிக்க இன்னொரு பையில் ஆறுமுகசாமி அறிக்கை. சாட்சியப் பக்கங்களை முழுதாகப் படித்தவர் இரு தரப்பிலும் எத்தனை பேர்?

தண்டனை நீதிமன்றத்தில்தான். 2004 ஜூலை 16 அன்று உங்கள் பக்கத்துக் கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் வெந்துபோன பிறகு நீதிபதி சம்பத் ஆணையமும் அமைந்தது, தனியே குற்ற வழக்கும் நடந்தது. தஞ்சாவூரில் தீர்ப்பு வந்த நாள் 2014 ஜூலை 30. குற்றவாளிகள் என்று சொல்லப்பட்ட 10 பேரில் கல்வித் துறையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். தீர்ப்பு வரவே பத்து ஆண்டு. இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு எழுத எனக்குக் கை வரவில்லை.

கொள்முதல் நிலைய முறைகேட்டில் அதிகாரி ஒருவர் மீது விசாரணை. என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் வீட்டுக்கு வந்து என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். என்ன செய்ய? (வலங்கைமான் வாசகர்)

இருவருக்கும் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள். பிறகு ரசீதுகளைத் தேடி எடுத்துத் தேதிவாரியாக அடுக்குங்கள். எத்தனை மூட்டை போட்டீர்கள், பட்டியல் எழுத்தர் எத்தனை எழுதினார், பணம் எவ்வளவு வந்தது என்பதை மட்டும் சொல்லுங்கள். மூட்டைக்கு எவ்வளவு கூடுதலாக நிறுத்தார்கள் என்பதைத் தராசில் நீங்களே பார்த்திருந்தால் சொல்லுங்கள், பக்கத்து வயல்காரர் சொன்னதென்றால் விட்டுவிடுங்கள். ஈரப்பதமானியில் எண்ணைப் பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்பதே பதில். மேலிடத்துக்குப் பங்கு போனது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? தெரியாததை ஆரம்பத்திலேயே பேசாதீர்கள்.

வாசிக்கும் கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போங்கள். கண்ணாடி இல்லாமல் வந்து, கையில் கொடுத்த காகிதத்தைப் படிக்காமலே 'ஆமாம், என் கையெழுத்துதான்' என்று தலையாட்டி, கையில் இருந்த வழக்கைக் கோட்டை விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.