பழைய கொம்பியூட்டருக்கு மலிவாக றாம் (தற்காலிக நினைவகம்) கூட்டுவது: கேள்வி பதில்

கிளிநொச்சியிலிருந்து: அண்ணை, வீட்டில நிற்கிறது ஐ3 இரண்டாம் ஜெனரேஷன், 4 ஜிபி றாம், விண்டோஸ் 10. மகள் சூம் வகுப்பில இருக்கேக்க குரோமையும் திறந்தால் இறுகிப்போய் நிற்குது. 8 போதுமோ, 16 போடவேணுமோ?

வகுப்பு, யூடியூப், கணக்கு வழக்கு இவ்வளவுதான் என்றால் 8 தாராளம். ஆனால் காசை எடுக்க முதல் ஒரு சோதனை செய்யுங்கோ. வகுப்பு ஓடிக்கொண்டிருக்கேக்கயே கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். அதில் மெமரி 85, 90 வீதத்தைத் தாண்டி நின்றால் குறை றாமில்தான். மெமரி 60இல் நிற்க டிஸ்க் மட்டும் 100இல் நின்றால் றாம் வாங்கிப் பயனில்லை. அந்தக் காசுக்கு ஹார்ட்டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு சின்ன எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு) போடுங்கோ. இரண்டும் உச்சத்தில் நின்றால் முதலில் றாம். இடம் போதாமல் விண்டோஸ் ஹார்ட்டிஸ்க்கை றாம்போலப் பாவிப்பதால்தான் டிஸ்க்கும் ஏறுகிறது.

அதே டாஸ்க் மனேஜரில் பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் மெமரியை அமத்தினால் எத்தனை ஸ்லொட் (றாம் கொழுவும் இடம்), எத்தனை நிரம்பியிருக்கு என்றும் காட்டும். இரண்டாம் ஜெனரேஷனுக்கு அநேகமாக எச்61 போட்தான் (மதர்போட்) இருக்கும்: இரண்டு ஸ்லொட், டிடிஆர்3 (றாமின் தலைமுறை), கூடியது 16 ஜிபி. ஒன்று காலி என்றால் இன்னொரு 4 ஜிபி போதும், பழையதை எறியத் தேவையில்லை. ஒரே அளவில் இரண்டு நின்றால் இரண்டு வழியாலும் ஒரே நேரத்தில் தரவு ஓடும். தனி விஜிஏ கார்ட் (படத்துக்கான கார்ட்) இல்லாத மெஷினில் படமும் இந்த றாமில்தான் ஓடுவதால் வித்தியாசம் தெரியும். 1600 வேகம் என்று கூடக் காசு கொடுக்காதேங்கோ, அந்த ஐ3 1333இல்தான் ஓட்டும்.

முல்லைத்தீவிலிருந்து: கடையில "என்ன டிடிஆர்?" என்று கேட்கினம். எப்படிப் பார்க்கிறது?

றாமைக் கழட்டி ஸ்டிக்கரைப் பாருங்கோ. "4ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3-10600யூ" என்ற மாதிரி இருக்கும். பிசி2 என்றால் டிடிஆர்2, பிசி3 டிடிஆர்3, பிசி4 டிடிஆர்4. 10600 என்பது 1333 வேகம், 12800 என்பது 1600. எல்லாரும் கவனிக்காமல் விடுவது கடைசி எழுத்தை: யூ என்றால் டெஸ்க்டொப், எஸ் என்றால் லப்டொப், ஆர் என்றால் சேர்வர். டிடிஆர்2, 3, 4 ஒவ்வொன்றுக்கும் கீழே உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். மாறிப் போட ஏலாது, அமத்திப் போட்டால் ஸ்லொட்தான் உடையும்.

இரண்டு பக்கமும் படம் எடுத்துக் கடைக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு பஸ் ஏறுங்கோ. பிழையான றாமை மாற்ற இன்னொருக்கா போய்வரும் செலவு, றாமில் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும்.

புதுக்குடியிருப்பிலிருந்து: ஜி41 போட், டிடிஆர்3. புதுசா 4 ஜிபி வாங்கினன். கடை மெஷினில ஓடுது, வீட்டில போட்டால் பீப் அடிச்சுக்கொண்டு படம் வருதில்லை. கடைக்காரர் போட் பழுது எண்டுறார்.

போட் பழுதில்லை. வாங்கிய றாமில் கறுப்புச் சில்லுகளை எண்ணுங்கோ. ஒரு பக்கத்தில் மட்டும் 8 இருந்தால் ஒவ்வொன்றும் 512 எம்பி. ஜி41க்கு அந்த அடர்த்தி விளங்காது, சில்லு ஒன்றுக்கு 256 எம்பி வரைதான். உங்களுக்கு வேண்டியது இரண்டு பக்கமும் எட்டெட்டாக 16 சில்லு உள்ள 4 ஜிபி. முதலாம் ஜெனரேஷன் ஐ3, ஐ5க்கும் இதே கதைதான். புதுசாக வருவது பெரும்பாலும் 8 சில்லு, ஆகவே பாவித்ததில் தேடுவதே சுகம். இந்தப் போட்டில் ஸ்லொட்டுக்கு 4 ஜிபிக்கு மேல் ஏறாது.

வவுனியாவிலிருந்து: ஒன்லைனில 8 ஜிபி டிடிஆர்3 பாதி விலைக்குப் போகுது. எடுக்கலாமோ?

"ஏஎம்டி ஒன்லி" என்று ஒரு மூலையில் எழுதியிருந்தால் இன்டெல் போட்டில் எழும்பாது. "சேர்வர்", "ஆர்இசிசி" என்றிருந்தால் சாதாரண வீட்டு போட் எதிலும் எழும்பாது. பாதி விலைக்கு அநேகமாக இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம்.

மாங்குளத்திலிருந்து: நாலாம் ஜெனரேஷன் லப்டொப்புக்குப் பழைய லப்டொப் றாமைக் கொழுவினன், எழும்புதில்லை.

அந்த லப்டொப்புக்கு 1.35 வோல்ட் றாம் வேணும், ஸ்டிக்கரில் பிசி3எல் என்று இருக்கும். பழையது 1.5 வோல்ட். மறுவளமாகப் போடலாம்: எல் வகை இரண்டு வோல்ட்டிலும் ஓடும், அதனால் சந்தேகம் என்றால் எல் வாங்குங்கோ.

ஒட்டுசுட்டானிலிருந்து: 8 ஜிபி போட்டும் 3.4 தான் காட்டுது.

உங்கட விண்டோஸ் 32 பிட், அதால் 4 ஜிபிக்கு மேல் பாவிக்க ஏலாது. 64 பிட் புதிதாக ஏற்றவேணும். அதற்கு முதல் கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்து வையுங்கோ.

பரந்தனிலிருந்து: றாம் மாத்தின பிறகு ஃபேன் சுத்துது, திரை கறுப்பு.

பெரும்பாலும் றாம் ஸ்லொட்டில் வடிவாக அமராத பிரச்சினைதான். பிளக்கைக் கழட்டி, பவர் பட்டனைப் பத்து செக்கன் அமத்திப் பிடியுங்கோ. றாமைக் கழட்டி, பொன்னிற ஓரத்தை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கோ. எங்கட செம்மண் புழுதி ஸ்லொட்டுக்குள் படிந்துவிடும், எறும்பும் குடியிருக்கும். மெல்லிய பெயின்ற் பிரஷால் தட்டி எடுங்கோ, தண்ணியோ வாயால் ஊதுவதோ வேண்டாம். பிறகு ஒரு றாமை மட்டும், இரண்டு முனையும் டிக் என்று பூட்டுமட்டும் அமத்துங்கோ. வராவிட்டால் மற்ற ஸ்லொட், பிறகு மற்ற றாம். அதுக்கும் வராவிட்டால் காசு மாதிரியான சிஆர்2032 பற்றியை ஐந்து நிமிடம் கழட்டிப் போடுங்கோ.

எழும்பினதும் றாமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ யூஎஸ்பியில் போட்டு ஒரு முழுச் சுற்று ஓடவிடுங்கோ, கரண்ட் நிற்காத நேரமாய்ப் பார்த்து. சிவப்பில் ஒரு பிழை வந்தாலும் றாமைத் திருப்பிக் கொடுக்கலாம். "ஒன்றுதானே" என்று விட்டால் நீலத்திரையில் வந்து நிற்கும்.

கிளிநொச்சியிலிருந்து இன்னொருவர்: விலை ஏறிப்போச்சு எண்டுகினம். பாவிச்சது எடுத்தால் பயமில்லையோ?

2025 பிற்பகுதியிலிருந்து ஏஐ தரவு நிலையங்களுக்கே சில்லுகள் போவதால் டிடிஆர்4, டிடிஆர்5 விலை நன்றாக ஏறிவிட்டது. டிடிஆர்3 கழித்த அலுவலகக் கொம்பியூட்டர்களிலிருந்து வருவதால் அதைப் பாவித்ததிலேயே எடுங்கோ. றாமில் தேய்கிற பாகம் எதுவும் இல்லை, பழுது என்றால் பெரும்பாலும் மெம்டெஸ்ட் காட்டிவிடும். பில்லில் ஸ்டிக்கர் இலக்கத்தை எழுதுவித்து, ஒரு கிழமை மாற்றித்தருவோம் என்றும் எழுதுவியுங்கோ. வாய்ச்சொல்லை நம்பாதேங்கோ.

கழட்டின பழைய 2 ஜிபியை விற்றாலும் பெரிதாய் ஒன்றும் வராது. புதுசு வந்த பிளாஸ்டிக் கூட்டில் போட்டு வையுங்கோ. அடுத்த முறை திரை கறுத்தால் பழுது றாமிலோ ஸ்லொட்டிலோ என்று பார்க்க அதுதான் கைக்கு உதவும்.