வேனில் கட்டில் போடும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள்

கேள்வி: ஓய்வுபெற்றுவிட்டேன். மனைவியோடு மலைப்பக்கமாகச் சுற்றி, வண்டியிலேயே சமைத்துத் தூங்க ஆசை. மஞ்சள் போர்டு (வாடகை வண்டி) டிராவலர் வேன் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. சீட்டுகளைக் கழற்றிக் கட்டிலும் சமையல் மேடையும் போட்டுக்கொள்ளலாம், ஆர்.சி.யைத் தான் பார்த்துக்கொள்வதாகப் புரோக்கர் சொல்கிறார். நம்பலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: நம்ப வேண்டாம். அட்வான்ஸும் கொடுக்காதீர்கள்.

ஆர்.சி.யில் என்ன வகை வண்டி, எத்தனை இருக்கை என்று இருக்கிறதோ, வண்டியும் அப்படியே இருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு.

அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். விபத்து நடந்தால்? பன்னிரண்டு சீட் என்று பதிவான வண்டிக்குள் கட்டிலும் சிங்க்கும் இருந்தால், இழப்பீட்டை மறுக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும். புரோக்கர் அப்போது போனை எடுக்க மாட்டார். 'பார்த்துக்கொள்கிறேன்' என்பவர்கள் செய்கிற வேலை என்ன தெரியுமா? எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனை அன்று பழைய சீட்டுகளை மாட்டிக் காட்டிவிட்டு மறுநாள் கழற்றிவிடுவது. அதற்கும் உங்களிடமே காசு! மஞ்சள் போர்டு என்பதால் பெர்மிட், வரி பாக்கி, பைனான்ஸ் பாக்கி என்று அவருக்கு இன்னும் வழிகள் இருக்கின்றன.

தங்கிச் சமைத்துப் பயணிக்கும் வண்டிக்கென்று சட்டத்தில் மோட்டார் கேரவன் என்றே தனி வகை உண்டு. இருக்கை, மேசை, படுக்கை, சமையல் வசதி, சாமான் வைக்க இடம் எல்லாம் இருக்க வேண்டும். ஏ.ஐ.எஸ். 124 என்ற தரவிதிக்கும் உட்பட வேண்டும். கரூரோ வேறு ஊரோ, எந்தப் பட்டறைக்குப் போனாலும் அந்தத் தரவிதிக்கு உட்பட்டது என்ற அங்கீகாரச் சான்றின் நகலை முதலில் கேளுங்கள். 'எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்' என்று பதில் வந்தால் திரும்பிவிடுங்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். இந்த விதிகள் வரிசையாக வண்டி தயாரிக்கும் கம்பெனியை மனதில் வைத்து எழுதியவை. ஒரே ஒரு பழைய வேன் வைத்திருக்கும் மனிதர் எங்கே போவார்? அலுவலகத்தில் கேட்டால் ஆளுக்கொரு பதில். இந்தக் குழப்பம்தான் புரோக்கருக்குச் சோறு போடுகிறது.

ஒரு விலக்கு இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். வண்டியின் கட்டமைப்பு மாறி, அதன் அடிப்படைத் தன்மையே மாறுவதைத்தான் அந்த 52-வது பிரிவு 'மாற்றம்' என்கிறது. ஏற்றி இறக்கக்கூடிய மடக்குக் கட்டில், மெத்தை, சாமான் பெட்டி எல்லாம் சுமைதான். மின்விசிறிக்கும் விளக்குக்கும் ஒரு லித்தியம் பேட்டரி வைத்தால், எடுத்து வெளியே வைக்க முடிந்தவரை அதுவும் சுமைதான். போல்ட் போட்டுத் தரையில் இறுக்கினாலோ, வெல்டிங் வைத்தாலோ, கூரையை வெட்டினாலோ கதை வேறு. சீட்டைக் கழற்றினால் இருக்கை எண்ணிக்கை மாறிவிடும், அதையும் செய்யாதீர்கள். ஓடும்போது பெட்டிகளைப் பெல்ட்டால் கட்டிவையுங்கள். இரண்டு பேருக்கு, பின்சீட்டு மடங்கும் ஓன் போர்டு (சொந்த உபயோக) வண்டியே போதும் என்பது என் கருத்து.

அப்புறம் எடை. நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ. அதைக் கூரையில் ஏற்றிக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் போகாதீர்கள், தரையோடு வையுங்கள். வீட்டு கேஸ் சிலிண்டரை வண்டியில் வைக்கக் கூடாது. 5 கிலோ சிலிண்டர் தனியாகக் கிடைக்கிறது, அதையும் வெளியே இறக்கிவைத்தே சமையுங்கள். கசியும் கேஸ் காற்றைவிடக் கனமானது, நீங்கள் படுத்திருக்கும் மட்டத்தில்தான் வந்து தேங்கும்.