ரைசன் 5600க்கு டவர் கூலர் தேவையா?

களுவாஞ்சிகுடித் தம்பிக்கு: ரைசன் 5 5600 புரொசசர், பெட்டியோட வந்த சின்னக் கூலர், வீடியோ ரெண்டர் போட்டா 88 பாகை. கடைக்காரர் டவர் கூலர் (உயரமான பெரிய கூலர்) போடச் சொல்றார், வாங்கலாமா என்று கேட்டிருந்தீங்க.

காசு குடுக்க முதல் கம்பியூட்டர் கேஸின் பக்கத் தகட்டைக் கழற்றிப்போட்டு, அதே ரெண்டரைக் கால் மணித்தியாலம் ஓட விடுங்க. ஏழெட்டுப் பாகை இறங்கினா குற்றம் கூலர்ல இல்ல, கேஸுக்குள்ள காத்து ஓடல்ல. ஒரு ஃபேனோட அலுவல் முடிஞ்சிரும். இறங்காட்டி டவர் வாங்குங்க, வீண் செலவில்ல.

ஆனா யூடியூப்பில காட்டுற 65 பாகையை எதிர்பார்க்காதீங்க. அவங்கட அறை 22 என்றா, கச்சான் வெக்கையில ஏசி இல்லாத நம்மட அறை 33. அந்த 11ஐயும் கூட்டித்தான் பார்க்கணும். எந்தக் காத்துக் கூலரும் அறையை விடக் குளிராக்காது.

உங்கட கேஸ் 155 மில்லிமீட்டர் உயரம் வரைதான் எடுக்கும் என்றீங்க. ஹைப்பர் 212 ஈவோ என்ற டவர் கூலர் 159. தகடு மூடாது, அதை விடுங்க.

மறுகா ஒன்று. பழைய கூலரை நேரா இழுத்திராதீங்க! உங்கட புரொசசர் இருக்கிற ஏஎம்4 சொக்கட்டில, கூலருக்கும் புரொசசருக்கும் இடையில பூசின பேஸ்ட் இறுகியிருந்தா புரொசசரும் சேர்ந்து கழண்டு வரும், அடியில இருக்கிற பின் கம்பிகள் வளையும். கல்லடியில ஒருத்தர்ர மெசின்ல அப்பிடிச் செய்துபோட்டு, இரவிரவா ஊசியால பின் நிமிர்த்தின ஆள் நான். பத்து நிமிசம் ஓடவிட்டுச் சூடாக்கி, பிளக்கைக் கழற்றி, ஆணி நாலையும் தளர்த்தி, மெல்ல அங்கால இங்கால திருகி எடுங்க.