கதிர் பட்டதா, பொருள் ஒட்டியதா?

கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளின் அரை ஆயுள் 5 வருடம் என்றால் 10 வருடத்தில் தீர்ந்துவிடும்தானே? (நெல்லிக்குப்பம்)

தீராது. 5 வருடத்தில் பாதி, 10-இல் கால், 15-இல் அரைக்கால் மிச்சம் இருக்கும். ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையவே 50 வருடம் ஆகும்.

வயிற்றில் சிடி ஸ்கேன் எடுத்தேன். கதிர்வீச்சு 8 என்கிறார்கள். ஆபத்தா? (லாசுப்பேட்டை)

8 என்ன? மில்லிசீவர்ட்டா, மைக்ரோசீவர்ட்டா? இரண்டுக்கும் 1,000 மடங்கு வித்தியாசம். அலகு இல்லாமல் எண்ணை மட்டும் அனுப்பாதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது? மில்லிசீவர்ட் என்றே வைத்துக்கொள்வோம். மண், காற்று, வானம் எல்லாம் சேர்ந்து நம் ஒவ்வொருவருக்கும் மூன்று வருடத்தில் தருவது ஏறக்குறைய அவ்வளவுதான். பயம் வேண்டாம், தேவையில்லாமல் மறுபடி எடுக்கவும் வேண்டாம்.

அம்மாவுக்குப் புதுச்சேரியில் 25 நாள் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தார்கள். வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் தட்டு, டம்ளர், பாய் எல்லாம் தனியாக வைத்திருக்கிறோம். எத்தனை மாதம் இப்படி இருக்க வேண்டும்? (திருப்பாதிரிப்புலியூர்)

ஒரு நாள்கூட வேண்டாம். இன்றைக்கே அந்தத் தட்டை மற்ற தட்டுகளோடு சேருங்கள், குழந்தையை அம்மா மடியில் கொடுங்கள்.

எங்கள் தெருவிலேயே ஓர் அத்தையை இப்படித் திண்ணையில் ஒதுக்கி வைத்ததைச் சின்ன வயதில் பார்த்தவன் நான். நோயைவிட அதுதான் அவரை வாட்டியது. அதனால்தான் இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நீட்டி எழுதுகிறேன்.

எப்போதும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: கதிர் பட்டதா, பொருள் ஒட்டியதா? வெளியே இயந்திரத்திலிருந்து வைக்கும் கரண்டில் கதிர் மட்டும்தான் உடம்புக்குள் போகிறது. கட்டியின் செல்களைச் சிதைத்துவிட்டு அங்கேயே முடிந்துபோகிறது. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த கருவாடு ராத்திரியில் வெளிச்சம் தருகிறதா? கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கொஞ்ச நேரம் உள்ளே வைத்து எடுக்கும் சிகிச்சையும் அப்படித்தான். கதிர் தரும் பொருளை வெளியே எடுத்துவிட்டால் உடம்பில் எதுவும் தங்காது.

தைராய்டு புற்றுநோய்க்குக் குடிக்கத் தரும் அயோடின்-131 வேறு. அதில் கதிரியக்கப் பொருளே உடம்புக்குள் போகிறது. அரை ஆயுள் 8 நாள்; பெரும்பகுதி முதல் சில நாளில் சிறுநீரோடு வெளியேறிவிடும். மருத்துவமனை சொல்லும் நாள்வரை குழந்தைகள், கர்ப்பிணிகள் தள்ளி இருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர்களையும் ஒதுக்காதீர்கள்.

கல்பாக்கம் மின் நிலையம் அணுகுண்டு மாதிரி வெடிக்குமா? அங்கே எரிக்கும் யுரேனியம் நெய்வேலி நிலக்கரிக்கு எத்தனை மடங்கு? (முதலியார்பேட்டை)

குண்டு மாதிரி வெடிக்காது. அங்கே இரண்டு 220 மெகாவாட் உலைகளும் இயற்கை யுரேனியத்தில் ஓடுபவை. அதில் பிளவுபடும் யுரேனியம்-235 நூற்றில் ஒன்றுகூட இல்லை, 0.7 சதவீதம்தான். குண்டுக்கு 90 அளவில் வேண்டும். உலையில் வேறு விபத்துகள் நடக்கலாம், வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் போவதுதான் முக்கியமான அபாயம். அதைக் குண்டோடு போட்டுக் குழப்பாதீர்கள். அப்புறம், அங்கே எதுவும் எரிவதில்லை. நியூட்ரான் பட்டு அணுக்கரு பிளக்கிறது, பிளவில் வரும் இரண்டு மூன்று நியூட்ரான்கள் தொடரை நடத்துகின்றன. 1 கிராம் யுரேனியம்-235 முழுதும் பிளந்தால் சுமார் 8 டன் பழுப்பு நிலக்கரியின் வெப்பம் கிடைக்கும்.

எக்ஸ்ரே படச்சுருளைப் பீரோவில் வைக்கலாமா? (சிதம்பரம்)

தாராளமாக. அதிலும் கதிர் பட்டதோடு சரி, பொருள் ஒட்டவில்லை.

பலாப்பழத்தில் கதிரியக்கம் உண்டாமே? (பண்ருட்டி)

உண்டு. பொட்டாசியம் இருக்கும் எதிலும் பத்தாயிரம் அணுவுக்கு ஒன்று பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க வகை. உங்கள் உடம்பிலேயே விநாடிக்கு நாலாயிரம் சிதைவு நடந்துகொண்டிருக்கிறது. சாப்பிடுங்கள்.